உப்பு கரைத்த ஐப்பசி

என் கணவருக்கு விபத்து நடந்தது மாசி மாதத்தில். வேலை முடிந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தவரை வேலப்பன்சாவடி பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு வேன் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது, தொடை எலும்புக்குத் தகடு வைத்தார்கள். சித்திரை வாக்கில் வாக்கர் பிடித்து நடக்கலாம் என்றார்கள். நடந்தார். கட்டிலிலிருந்து பால்கனி வரைக்கும். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் அதே இடம்தான். என்ன பார்க்கிறார் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அவர் பார்த்தது எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தை. அதில் அப்போது பார்க்க ஒன்றும் இருக்கவில்லை என்பதும் உண்மைதான்.

முகப்பேரிலிருந்து வாரம் இருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் பால்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். "இவ்ளோ பெரிய குளத்த வீட்டு வாசல்ல வெச்சுக்கிட்டு இவர ரூமுக்குள்ள நடக்க வைக்கிறீங்களே. தண்ணிக்குள்ள நடந்தா உடம்பு பாரம் தெரியாது, கால் தைரியமா ஊனும்" என்றார். குளம் மூடிக் கிடக்கிறது என்றேன். திறக்கச் சொல்லுங்கள் என்றார். அவருக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது.

குளம் மூடியதற்குக் காரணம் குளோரின் மாத்திரை. குளித்த பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது, முடி தேங்காய் நார் மாதிரி ஆனது என்று புகார் வந்தபடி இருந்தது. முந்தைய கமிட்டி யோசித்து, உப்பிலிருந்தே குளோரின் எடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியது. தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட்டால் போதும். அந்தத் தண்ணீர் இயந்திரத்தின் உலோகத் தகடுகளுக்கு நடுவே போகும்போது மின்சாரம் அதிலிருந்து தேவையான குளோரினைப் பிரித்துக் கொடுத்துவிடும், மாத்திரை வேண்டாம், எரிச்சல் இருக்காது என்றார்கள். அதைப் பொருத்துவதற்குள் கமிட்டி மாறிவிட்டது. இயந்திரம் ஜெனரேட்டர் அறையில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. யாராவது பொறுப்பெடுத்தால் செய்யலாம் என்று புதிய செக்ரட்டரி வாட்சப் குழுவில் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. நான் போட்டேன்.

அப்போதே எனக்குப் போதும் போதும் என்றுதான் இருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அலுவலகம். காலையில் அவரைக் குளிக்க வைத்து, சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு பஸ் பிடிப்பேன். சாயங்காலம் வந்து மறுபடி அவர் காலைத் தூக்கி இறக்கி, சமைத்து, மடிக்கணினியைத் திறந்து மிச்ச வேலையை முடிப்பேன். இதற்கு நடுவில் குளத்தையும் ஏன் தலையில் ஏற்றிக்கொண்டேன் என்று என் தங்கை போனில் கேட்டாள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனிதர் பால்கனியிலேயே உட்கார்ந்திருப்பதை இன்னொரு மாதம் பார்க்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

இயந்திரக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். ஆவடிக்காரர், முப்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு தண்ணீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். எங்கள் பம்ப் ஆபரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்து ஊர்க்காரர். இந்தக் குடியிருப்பு வருவதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்தில் நெல் போட்ட குடும்பம். மோட்டார், ஜெனரேட்டர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பில்தான்.

"மெஷின இப்ப மாட்ட முடியாது மேடம்" என்றார் அந்தப் பெண்.

"ஏம்மா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் தயாரா இல்ல. இத்தன வருஷம் மாத்திரை போட்டிருக்கீங்க. அந்த மாத்திரைல குளோரின் வெயில்ல பறந்துபோகாம பிடிச்சு வைக்க ஒரு பொருள் சேர்த்திருப்பாங்க. குளோரின் தீர்ந்துடும், அது மட்டும் தண்ணியிலயே தங்கிடும். இப்ப அது ரொம்ப ஏறிப்போச்சு. இனி எவ்ளோ குளோரின் விட்டாலும் வேலை செய்ய விடாது. இந்தத் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி விடுங்க, அப்புறம் கூப்பிடுங்க."

"எங்க போர் தண்ணி விட்டா போதுமா?"

"டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது மேடம். இந்தப் பக்கம் போர்ல இரும்பு இருக்கும்."

"நம்ம போர்ல அதெல்லாம் ஒண்ணியும் கெடையாது" என்றார் ஆபரேட்டர். "நாங்க இந்தத் தண்ணியதான் குடிச்சு வளந்துகீறோம்."

டேங்கர் தண்ணீர் வாங்கலாமா என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். அது கோடையின் உச்சம். ஒரு லாரிக்கு முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கும் வராது. குளத்தை ஒட்டிய தரைத்தள வீட்டில் இருக்கும் ஆசிரியை எழுந்தார். ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். நான் சண்டைக்கு வரல. ஆனா காலைல ஏழு மணிக்கு மேல எங்க வீட்டுக் குழாய்ல காத்துதான் வருது. குடிக்க, குளிக்க லாரிக்குக் காத்துக்கிடக்கோம். இந்த நேரத்துல குளத்துக்கு லாரி வந்து நின்னா, அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி ஸ்கூலுக்குப் போறது?"

அவர் சொன்னது நியாயம். கூட்டம் யோசித்து, போர் தண்ணீரில் கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது. பழைய தண்ணீரைச் சில நாட்கள் வெயிலில் விட்டுக் குளோரின் வாடை போன பிறகு, கழிப்பறைகளுக்குத் தண்ணீர் போகும் மேல்தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தீர்த்தார் ஆபரேட்டர். பிறகு இரவு நேரங்களில் போரை ஓட்டி, ஆழமான பக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் நிறுத்தினார். பளிங்கு மாதிரி இருந்தது. பாசி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் குளோரின் விட்டோம்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஆபரேட்டர் போன் செய்தார். "மேடம், ஒரு நிமிஷம் கீய வாங்களேன். நேத்து கண்ணாடி கணக்கா இருந்திச்சு. இன்னிக்கு டீத்தண்ணி மாதிரி கீது."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே டீ நிறம். ஓரத்து வெள்ளை ஓடுகளில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆவடிப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் வரை இரும்பு கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாக வெளியே வந்துவிடும், இதில் உப்பைப் போட்டால் இயந்திரத்தின் தகடும் கெடும், குளமும் கறையாகும் என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை பஸ்ஸில் நின்றபடி படித்தேன். கம்பியைப் பிடித்த கை வலித்தது. அன்று அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தேன் என்றே நினைவில்லை.

அந்தத் தண்ணீரையும் எடுத்தோம். அதன் பிறகு குளம் காலியாகவே கிடந்தது. ஆடிக்காற்றில் சருகும் பால் பாக்கெட் உறையும் வந்து விழுந்தன. புறாக்கள் உள்ளே இறங்கி நடந்தன. வாட்சப் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் விட்டுவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார். கால் தேறிவிட்டது என்பதால் அல்ல. இவர் ஒத்துழைக்கவில்லை என்பதால்.

புரட்டாசியில் ஒருநாள் நல்ல மழை பெய்தது. நான் நனைந்து வீட்டுக்கு வந்தபோது அவர் பால்கனியில் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. விழுந்துவிடப் போகிறார் என்று பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அந்த ஆப்பரேட்டர் அண்ணன வரச் சொல்லு" என்றார்.

"எதுக்குங்க?"

"குளத்த இப்படியே காலியா விட்டு மழைக்காலத்தக் கடத்த முடியாது. ஏரிப் பக்கம் இது. மழை பிடிச்சா நிலத்தடித் தண்ணி ஏறும். மேல பாரம் இல்லேன்னா அது குளத்தோட அடித்தளத்தையே தூக்கிரும். விரிசல் விட்டுச்சுன்னா அப்புறம் குளமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

விபத்துக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தைகள் பேசி நான் கேட்டதில்லை. அவர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். தண்ணீர் எங்கே எப்படி ஓடும் என்பது அவருக்குத் தொழில். அதை நானே மறந்துபோயிருந்தேன். அத்தனை மாதமாக எனக்கு அவர் தூக்கி இறக்க வேண்டிய ஒரு காலாக இருந்தார்.

ஆபரேட்டர் மேலே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு பால்கனி வாசலில் நின்றார்.

"வாங்கண்ணே. அந்த ரெண்டு மழைக்குழாய் மொட்டை மாடியில இருந்து நேரா கீழே மழைநீர் சேமிப்புக் குழிக்குத்தானே போகுது?"

"ஆமா சார். பில்டிங் கட்ட சொல்லோ போட்டது."

"ஒண்ண மட்டும் குளத்துக்குத் திருப்பினா என்ன? மழைத்தண்ணியில இரும்பு கிடையாது, உப்பும் கிடையாது. லாரியும் வேண்டாம், போரும் வேண்டாம்."

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். கையால் காற்றில் குழாய் போகும் வழியை வரைந்தார். "திருப்பலாம் சார். ஆனா மாடியில புறா பண்ணி வெச்சுகீறதெல்லாம் சேந்து வந்துடுமே."

"மாடியக் கழுவி விட்டிருவோம். வளைவுல ஒரு வால்வு வையுங்க. மழை ஆரம்பிச்சதும் வர்ற அழுக்குத் தண்ணி பழையபடி குழிக்கே போகட்டும். தெளிஞ்சப்புறம் குளத்துக்குத் திருப்பிக்கலாம்."

"மழை பேய சொல்லோ யாரு சார் திருப்புறது? நான்தான் நனையணும்." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். என் கணவர் சிரித்துவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. திருப்பிய குழாய் தரைத்தள ஆசிரியையின் ஜன்னல் கம்பியை ஒட்டித்தான் போக முடியும். மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்து, கூட்டத்தில் பேசுவதற்குத் தயாராவது போல நிறையப் பேசினேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"மழைத்தண்ணின்னா எனக்கு என்ன ஆட்சேபனை? ஆனா குளம் பச்சையாக் கிடந்தா கொசு முதல்ல என் வீட்டுக்குத்தான் வரும். அத மட்டும் பாத்துக்கோங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா? ரொம்ப வாடிப்போய்த் தெரியிறீங்க" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆபரேட்டர் தலையில் ஒரு சிமெண்ட் பையைக் கவிழ்த்துக்கொண்டு வால்வுக்குப் பக்கத்தில் நிற்பார். இவர் பால்கனியிலிருந்து, "அண்ணே, தெளிஞ்சிருச்சு, திருப்புங்க" என்று கத்துவார். குழாயின் வாயில் கட்டியிருந்த வலைத்துணி வழியாகத் தண்ணீர் பெரும் சத்தத்தோடு விழும். சில மழைகளிலேயே குளம் நிரம்பிவிட்டது. அந்த நாட்களில் குளத்தில் நீரேறுவதைப் பார்க்க மற்ற பால்கனிகளிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகமாக வந்தது. அடுத்து என்ன செய்யச் சொல்வார்களோ என்று இருந்தது.

ஆவடிப் பெண் மழைக்கோட்டோடு வந்து மறுபடி சோதித்தார்.

"இரும்பு இல்ல, பழைய பிரச்சனையும் இல்ல. ஆனா இது வெறும் தண்ணி மேடம். இதுல ஒண்ணுமே இல்ல. இப்படியே விட்டா ஓடு இடுக்குல இருக்குற சிமெண்ட்டக் கரைச்சு எடுத்துக்கும். தண்ணிக்கு வேணுங்கறத நாமளே குடுத்துட்டா அது அங்க கை வைக்காது."

முதலில் சோடா மாவு. ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான், மூட்டையாக வந்தது. பிறகு சுண்ணாம்புச் சத்துக்கு வெள்ளை மணி மாதிரி ஒன்று. பக்கெட்டில் கரைக்கும்போது வாளியே சுட்டது. வெயிலில் குளோரின் பறக்காமல் பிடிக்கும் அந்தப் பழைய பொருளிலும் கொஞ்சம், இந்தமுறை அளந்து. ஒன்றைப் போட்டுவிட்டுப் பம்பை ஓடவிட்டு, சோதித்து, பிறகுதான் அடுத்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூட மாற்றாமல் குளத்தடிக்குப் போய், சோதனைக் குழாயைத் தூக்கி நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அந்தப் பெண்ணுக்கு அனுப்புவேன். "இன்னும் கொஞ்சம்" என்று பதில் வரும். இந்த "இன்னும் கொஞ்சம்" என்ற சொல்லே எனக்கு வெறுத்துப்போனது.

உப்பு போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருபத்தைந்து கிலோ மூட்டைகள். சமையல் உப்பு கூடாது, அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு வேண்டும் என்பதால் தனியாக வரவழைத்திருந்தோம். அன்று முதல்முறையாக என் கணவர் லிஃப்டில் இறங்கி வாக்கரோடு குளத்தடிக்கு வந்தார். ஆபரேட்டர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இத்தினி உப்ப கொட்டினா கடல் தண்ணியா ஆவாதா?" என்று ஆபரேட்டர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"கடல் உப்புல பத்துல ஒரு பங்குதான். நம்ம கண்ணீர விடவே கம்மி. வாயில பட்டாத்தான் லேசாத் தெரியும்."

ஆபரேட்டர் மூட்டைகளைப் பிரித்து ஓரமாக நடந்தபடியே உப்பைச் சரித்தார். ஒரே இடத்தில் குவியக் கூடாது, அடியில் தேங்கினால் கறை பிடிக்கும், நீளக் கம்பில் கட்டிய பிரஷால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். இயந்திரத்தை இப்போது போடக் கூடாது, உப்பு முழுக்கக் கரையும் வரை பம்ப் மட்டும் ஓட வேண்டும். நான் பிரஷை எடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே தோள் விட்டுப்போனது. குனிந்து நின்றேன்.

"இங்க குடு" என்றார் என் கணவர்.

"நீங்க உக்காருங்க."

"குடுன்னா குடு."

கொடுத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கம்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் ஊன்றினார். மறுமுனையில் தன் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு தள்ளினார். ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஒரு எட்டு நகர்ந்தார். மறுபடி தள்ளினார். வாக்கர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு ஒரு கை தூரத்தில் வந்து நடந்தார். நான் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து ஜன்னலில் ஆசிரியை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தின் நீளப் பக்கம் ஒன்றை என் கணவர் முடித்தார். முகம் வியர்த்துக் கொட்டியது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்காம என்ன" என்றார். ஆனால் கம்பைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் உப்பு முழுக்கக் கரைந்துவிட்டிருந்தது. அடியில் ஓட்டின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஆவடிப் பெண் இயந்திரத்தைப் பொருத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. குளோரின் அளவு நிதானப்பட இன்னும் சில நாட்கள் ஆனது. அதற்குள் மழையும் ஓய்ந்து, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் என் கணவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் படியில் இறங்கினார். ஆபரேட்டர் கால்சட்டையை மடித்துக்கொண்டு முதல் படியில் நின்றார்.

"சார், வழுக்கும். மெதுவா."

"நீங்க விடுங்கண்ணே, பாத்துக்கிடுறேன்."

மார்பளவு தண்ணீரில் அவர் நடந்தார். முதலில் கம்பியைப் பிடித்து, பிறகு விட்டு. திரும்பி வரும்போது தண்ணீரை ஒரு கையால் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"கண்ணு எரியல" என்றார் என்னிடம்.

நான் தலையாட்டினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மார்கழிக் குளிரில் தண்ணீர் சில்லிட்டுப்போய் ஒரு மாதம் இறங்க முடியவில்லை. இடது கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தையில் ஒரு கைத்தடியோடு எஸ்டேட்டுக்கு வேலைக்குத் திரும்பினார், வண்டியில் அல்ல, என்னோடு பஸ்ஸில். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து குளத்தில் விழுந்து கிடக்கிறார்கள். இயந்திரத் தகட்டில் படியும் வெள்ளையை மாதாமாதம் ஆபரேட்டர் கழுவுகிறார், கழுவும்போதெல்லாம் அலுத்துக்கொள்கிறார்.

ஆனால் அந்த முதல் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் கணவர் குளத்திலிருந்து ஏறி வந்து துண்டால் துடைத்துக்கொண்டதும் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். சமைக்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில். அவர் பக்கத்தில் இல்லை, பால்கனி நாற்காலியும் காலி. ஒரு கணம் பதறிவிட்டேன். கீழேயிருந்து குரல் கேட்டது. தண்ணீர் மட்டம் ஒரு விரலளவு குறைந்திருக்கிறது, வால்வு எங்கேயோ கசிகிறது என்று அவர் ஆபரேட்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். அதெல்லாம் ஒன்றும் கசியவில்லை, வெயிலில் போனது என்று ஆபரேட்டர் மறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. நான் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கினேன்.